பால் ஊற்றிய சீட்டு

அந்தத் தேநீர்க் கிளாஸைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. அடியில் ஈரம் வளையம் கட்டியிருக்கிறது. கொஞ்ச நேரம் போனால் நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும் தாள் அந்த வளையத்தோடு பெயர்ந்து கிளாஸோடு ஒட்டிக்கொண்டு வரும். சர்க்கார் தாள் இந்த வருஷம் சரியில்லை. மரத்தை அரைத்துச் செய்தது, நார் எல்லாம் கட்டை நார். காய்ந்திருக்கும்போது மிடுக்காக நிற்கும். ஒரு சொட்டு விழுந்தால் பங்காளிகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் பிரிந்துவிடும்.

மன்னியுங்கள். காகிதத்தைக் கண்டால் எனக்கு வாய் சும்மா இருக்காது. நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

பெயர் அமிர்தலிங்கம். பகாவ் ஒன்பதாங்கட்டைத் தோட்டத்தில் ஸ்டோர் கிராணி, அதாவது கணக்குப்பிள்ளை. பால்மரத்து ரப்பர்ப் பாலை அளந்து வாங்கி, ஆசிட் ஊற்றி உறைய வைத்து, ஷீட்டாக உருட்டிப் புகைக்கூண்டில் தொங்கவிடும் இடத்துக்குத்தான் ஸ்டோர் என்று பெயர். பெயரில் அமிர்தம், கையில் ஆசிட். இதை மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிச் சிரித்துவிடுவது வழக்கம்.

செத்துப்போன வீரமுத்துவின் பையிலிருந்து எடுத்த தாள்களை என் முன்னால் அடுக்கி வைத்திருக்கிறீர்கள். பையே மக்கிப்போயிருக்கிறது, தாள்கள் அப்படியே இருக்கின்றன. ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். பயப்படாமல் இழுங்கள், கிழியாது. தண்ணீரில் முக்கியெடுத்து இழுத்தாலும் கிழியாது. காட்டுக்காரர்கள், அந்தக் கம்யூனிஸ்டுகள், அதில் அச்சடித்திருக்கும் சங்கதிக்கு நான் பொறுப்பில்லை. தாளுக்குப் பொறுப்பு. அவை என்னுடையவை. அதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. தயக்கம் இருந்தாலும் பிரயோசனம் இல்லை, நெகிரி செம்பிலானில் இப்படித் தாள் செய்ய வேறு ஆள் கிடையாது.

அதற்குப் பக்கத்தில் ஒரு சாஸர். அதில் மஞ்சளாகக் காய்ந்துகிடக்கும் கூழ், செத்தவன் விரலிடுக்கிலிருந்து வழித்தெடுத்தது என்றீர்கள். அதோடு இன்னொன்றும் சொன்னீர்கள். அந்த வார்த்தைக்குக் கடைசியில் வருகிறேன். அது வரைக்கும் சாஸரை மூடி வையுங்கள். ஈ மொய்க்கிறது. உள்ளே கஞ்சி இருக்கிறது, அதுதான்.

காகிதம் செய்ய நானாக ஆசைப்பட்டுக் கற்கவில்லை. ஜப்பான்காரன் காலத்தில் கப்பல் வரவில்லை, தாள் வரவில்லை. தோட்டத்தில் இருந்த ஜப்பான் அதிகாரிக்கோ தினம் எழுதித் தள்ள வேண்டும். தோட்டத்தில் பேனா பிடித்தவன் நான். ஆகவே தாள் செய்ய வேண்டியவனும் நான் என்று அவனுக்குப் பட்டது. சோறு தின்கிறவன்தானே, நெல் விளைவி என்கிற மாதிரி.

லாலான் புல்லை அவித்து இடித்துப் பார்த்தேன். தாள் வந்தது. அதிகாரி அதைத் தன் தேநீரில் முக்கி, இரண்டு விரலால் தூக்கினான். பாதி தேநீரிலேயே நின்றுவிட்டது. எனக்கு ஓர் அறை விழுந்தது. அவனுடைய சோதனை முறை அவ்வளவுதான், மிகத் துல்லியமான முறை. அடுத்து வாழைப்பட்டை. வாழை நார் நீளம், ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். தூக்கும்போது கொஞ்சம் தாங்கிற்று, அப்புறம் அறுந்தது. அறையும் கொஞ்சம் மெதுவாக விழுந்தது. நார் நீளமாக இருந்தால் அடி குறையும் என்று அன்றைக்கே கண்டுகொண்டேன். கிழிந்த சாக்கை இடித்துச் சேர்த்தேன். படிகாரம் போட்டேன். காட்டு மரத்து டாமார் பிசினைக் காய்ச்சிப் பூசினேன். பிசின் பூசிய தாள் மேல் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. எனக்கு ஒரே சந்தோஷம். அதிகாரி அதைத் தேநீரில் போட்டுவிட்டு, வெளியே போய் வெற்றிலைக்கொடியைப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து தூக்கினான்.

அறை வாங்கிய கன்னத்தோடு உட்கார்ந்து யோசித்தபோதுதான் விஷயம் விளங்கியது. பிசினும் படிகாரமும் தாளுக்குக் குடை பிடிக்கின்றன. குடை எத்தனை நேரம்? மழை உள்ளே வந்துவிட்டால் நாருக்கும் நாருக்கும் இருக்கிற பிடி விட்டுப்போகும். ஏனென்றால் அந்தப் பிடியே தண்ணீர் வற்றியதால் வந்த பிடி. தண்ணீர் வந்தால் போய்விடும். நனைந்த பிறகும் கையை விடாத ஏதாவது ஒன்று உள்ளே வேண்டும். அது என் மூக்குக்குக் கீழே தினம் தொட்டி தொட்டியாக நின்றுகொண்டிருந்தது. மரத்துப் பால்.

பாலை நீர்க்க விட்டு, தாளை அதில் ஊற வைத்து, ஒரு சொட்டு ஆசிட்டில் உறைய வைக்க வேண்டும். அப்புறம் ஆசிட் வாசனையே இல்லாமல் போகும் வரை ஓடுகிற தண்ணீரில் அலச வேண்டும். இந்த அலசல்தான் வேலையின் உயிர். ஆசிட் உள்ளே தங்கிவிட்டால் நாரைத் தின்றுவிடும். அலசி, நிழலில் ஆற்றி, புகைக்கூண்டின் ஓரத்தில் இளஞ்சூட்டில் காய வைத்தால் சரி. அப்படிச் செய்த முதல் தாளை அதிகாரி தேநீரில் முக்கினான், தூக்கினான், பிழிந்தான், உதறினான், என்னைப் பார்த்தான். அடிக்கவில்லை. என் ஆயுளில் நான் வாங்கிய ஒரே சர்ட்டிபிகேட் அது.

வெள்ளைக்காரன் திரும்பி வந்த பிறகு தாளுக்குப் பஞ்சம் இல்லை. என் வித்தைக்கும் வேலை இல்லை. ஆனால் காட்டுக்காரர்களை அடக்க அவசரகாலம் வந்து ஆளுக்கொரு ஐசி, அடையாளச் சீட்டு, கொடுத்தார்களே, ஐசி இல்லாமல் சிக்கினால் அவ்வளவுதான் என்றார்களே, அப்போது லயத்து வரிசை வீட்டு ஜனங்களுக்கு என் ஞாபகம் வந்தது. வேர்வையில் ஊறாமல் இருக்க ஐசியைக் கொண்டுவந்தார்கள். கல்யாணப் படம், ஜாதகம், பிள்ளையின் பிறப்புச் சீட்டு எல்லாம் வந்தன. "கிராணி பால் போட்ட காயிதம்" என்றால் தோட்டத்தில் ஒரு மதிப்பு.

எங்கள் தண்டல் மாயாண்டிக்கு வாய் அதிகம். வெளிக்காட்டு ஆட்களை மேய்க்கிற வேலை, வாய் இல்லாமல் முடியாது. ஒரு நாள் ஸ்டோரில் எல்லோரும் பால் ஊற்றிக்கொண்டிருக்கும்போது, "கிராணியாரே, எம் பொஞ்சாதிக்கும் ஒருக்கா பால் போட்டு விடுங்களேன். ஒரு சொல்லு சொன்னா போதும், பொசுக்குன்னு கரஞ்சு போறா" என்றான்.

"கொண்டாய்யா, போட்டுருவோம். அலசுறது மட்டும் நீதான் அலசணும்" என்றேன்.

பெண்கள் பால் சுமந்த தோம்பு வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். அதில் உரக்கச் சிரித்தவள் மங்கம்மா, வீரமுத்துவின் அம்மா. காட்டை ஒட்டிய எல்லைக்காட்டு நிரையில் பால் வெட்டுகிறவள். புருஷன் இல்லை. ஒரே பையன்.

வீரமுத்து அவசரகாலத்துக்கு முன்பு தொழிலாளர் சங்கத்தில் இருந்தான். சங்கம் கலைக்கப்படுவதற்கு முன்பே என்னிடம் தாள் கேட்டு வந்தான், மழைநாளில் மரத்தில் ஒட்டும் நோட்டீசுக்கு. கொடுத்தேன். போலீஸ் தேடியபோது காட்டுக்குள் போய்விட்டான். போன பிறகும் கேட்டான். எல்லைக்காட்டின் கடைசியில், பட்டையில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பாலைக் குவித்து வைக்கும் இடம் ஒன்று உண்டு, அந்தக் குவியலுக்கு அடியில் தாள் கட்டு ஒன்றை வைத்துவிடுவேன். அவன் மட்டும் வந்து எடுத்துக்கொள்வான். வேறு ஒருவருக்கும் தெரியாது. அவன் யாரிடமும் சொன்னதில்லை. கெட்டியான வாய்.

பயந்து கொடுத்தேன் என்று எழுதிக்கொண்டால் உங்களுக்கும் சுலபம், எனக்கும் நல்லது. ஆனால் அது சரியில்லை. முதல் கட்டுக்குப் பிறகு, குவியலுக்கு அடியில் ஓர் ஓலைத்துண்டு கிடந்தது. அதில் முள்ளால் கீறி எழுதியிருந்தான்: "ஐயா, உங்க காயிதம் மழையில நிக்குது. நாங்கதான் நிக்க முடியல." அதை நான் எத்தனையோ முறை எடுத்துப் படித்தேன். தோட்டத்தில் துரை என்னைப் பார்த்து 'குட்' என்று சொன்னதில்லை. ஜப்பான்காரன் அடிக்காமல் விட்டான், அவ்வளவுதான். என் வேலையைப் பார்த்து வேலை என்று சொன்னவன் அந்தப் பையன் ஒருவன். அதற்காகக் கொடுத்தேன். காட்டுக்குத் தாள் கொடுத்தவனுக்குக் கயிறோ கப்பலோ என்று எனக்குத் தெரியும். கயிறு கூடப் பரவாயில்லை. கப்பலில் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள். நான் சிரம்பானில் பிறந்தவன் ஐயா. இந்தியாவைக் காலண்டரில்தான் பார்த்திருக்கிறேன். அங்கே யாரும் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் தரமாட்டார்கள்.

அப்புறம் ஏரோப்ளேன் வந்தது. மரங்களுக்கு மேலே தாழப் பறந்து காகிதமாகக் கொட்டியது. காட்டிலிருந்து வருகிறவன் அந்தச் சீட்டை உயர்த்திக் காட்டிக்கொண்டு வந்தால் சுடமாட்டார்கள், சோறு போட்டு வைத்தியம் பார்ப்பார்கள் என்று நாலு பாஷையில் போட்டிருந்தது. ஜனங்கள் அதற்கு ஏரோப்ளேன் சீட்டு என்று பெயர் வைத்தார்கள். முதல் மழையிலேயே அவை மரத்தடியில் பிண்டமாகிக் கிடந்தன. அச்சு நல்ல அச்சு. தாள் இதோ நீங்கள் எழுதிக்கொண்டிருக்கிறீர்களே, இந்த ஜாதி.

ஒரு நாள் மத்தியானம் பால் அளந்து முடித்து, தொட்டி கழுவிக்கொண்டிருந்தபோது மங்கம்மா மட்டும் பின்தங்கி நின்றாள். கொண்டையை அவிழ்த்தாள். உள்ளேயிருந்து நாலாக மடித்த ஏரோப்ளேன் சீட்டு வந்தது.

"ஒரு காயிதம் இருக்குங்க, கிராணி ஐயா."

"என்ன, கல்யாணம் கில்யாணம் பண்ணிக்கப் போறியா?"

"அட போங்கய்யா." சிரித்தாள். சிரித்த வாய் அப்படியே கோணிப்போய்விட்டது. "எம்மவன் வரணுங்கய்யா. அன்னைக்கு ஓடைக்கு அந்தாண்ட நின்னான். முட்டியும் கண்ணும்தான் தெரியுது. காலுல புண்ணு. வாடான்னா பயப்படுறான். இவங்கூட இருந்த சீனப் பையன் சீட்டோட வந்தானாம். மழையில சீட்டு ஊறிப் போயி, வெறுங்கையத் தூக்கிக்கிட்டு நின்னானாம். ரோந்துக்காரங்க நம்பலியாம், சுட்டுட்டாங்களாம்."

"ம்."

"அதான், இதுக்கு ஒரு பால் ஊத்திக் குடுத்தீங்கன்னா..."

சொல்லி முடிக்கவில்லை. படக்கென்று தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். நம் ஜனங்களில் பால் ஊற்றுவது யாருக்கு என்று உங்களுக்குத் தெரியும். எரித்த இடத்தில், புதைத்த இடத்தில், மறுநாள் போய் ஊற்றுவது.

"எந் நாக்குல தீய வைக்க. பால் போட்டுக் குடுங்கய்யா. போட்டு."

"ஊத்துனா என்ன, போட்டா என்ன, மங்கம்மா. பால் ஒண்ணுதானே" என்றேன்.

அவளுக்கு மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க ஒரு ஆளு இருக்கறதே தெம்புங்கய்யா" என்றாள். நான் இளகிய மனசுக்காரன். இதைத் தோட்டத்தில் யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

சீட்டை வாங்கி வைத்துக்கொண்டேன். அந்தச் சமயத்தில் ஸ்டோரில் நல்ல ஆசிட் தட்டுப்பாடு. ஃபார்மிக் ஆசிட் வரவில்லை என்று பெரிய கண்ணாடி ஜாடிகளில் கந்தக ஆசிட்டை இறக்கியிருந்தார்கள். கந்தக ஆசிட் முரடு. ஃபார்மிக் காயும்போது ஆவியாகிப் போய்விடும். இது போகாது, தண்ணீர் வற்ற வற்ற உள்ளே உக்கிரமாகும். ஆகவே இரண்டு பங்கு அலச வேண்டும். அந்த வாரம் தொட்டிக் குழாயிலும் தண்ணீர் சரியாக வரவில்லை. இப்படிப் பல காரணங்களைச் சொல்லலாம். மாயாண்டியிடம் நான் சொன்னவை இவைதாம். அவன் நம்பினான்.

ஃபார்மிக் ஒரு டின் இருந்தது, ஐயா. அலமாரிக்குப் பின்னால், என் கையெட்டும் தூரத்தில். குழாயிலும் தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது.

நான் யோசித்தது இதுதான். வீரமுத்து வெளியே வருவான். இதே அறையில், இதே நாற்காலியில் உட்கார வைப்பீர்கள். இதே மாதிரி நல்ல தேநீர் கொடுப்பீர்கள். காலுக்கு மருந்து போடுவீர்கள். எத்தனையோ மாதம் கழித்து ஒரு மனிதன் அன்பாகப் பேசுவதைக் கேட்பான். அப்புறம் நீங்கள் அந்தத் தாள்களை எடுத்துக் காட்டி, "இது யாரு குடுத்தாப்பா?" என்று கேட்பீர்கள். அவன் நல்ல பையன். நல்ல பையன்கள் சொல்லிவிடுவார்கள். அப்புறம் அரிசி யார், மருந்து யார் என்று கேட்பீர்கள். லயத்தில் பாதி வீடு லாரியில் ஏறும். என் ஒருவனுக்காக நான் நினைக்கவில்லை. அத்தனை குடும்பத்தை நினைத்தேன். பிள்ளைகுட்டிகளை நினைத்தேன். அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன், ஆனால் நினைவில் வந்த முகம் ஒவ்வொன்றும் என் முகமாகவே இருந்தது. அதை ஒரு வேடிக்கையாக எடுத்துக்கொண்டேன்.

மரத்தடியில் பொறுக்கிய வேறொரு ஏரோப்ளேன் சீட்டில் முதலில் செய்து பார்த்தேன். எந்த வேலையையும் பார்க்காமல் செய்து பழக்கமில்லை. பால் இல்லை. பால் உறைந்த பிறகு மேலே தெளிந்து நிற்கும் தண்ணீர் மட்டும். அதில் பால் வாசனை இருக்கும், பால் இருக்காது. கந்தக ஆசிட்டை நீர்க்க விட்டு அதில் ஊற வைத்தேன். அலசவில்லை. புகைக்கூண்டில் அடுப்புக்குப் பக்கத்திலேயே மாட்டினேன். சூடு ஏற ஏற ஆசிட் நாரைத் தின்னும். நீள நாரைக் கட்டை நாராக்கும், கட்டை நாரைத் தூளாக்கும். வெளியே எடுத்தபோது கையிலேயே உடைந்தது. அது கூடாது. கொடுக்கும்போது திடமாக இருக்க வேண்டும். ஆகவே சூட்டைக் கொஞ்சம் குறைத்து, கடைசியில் அரிசிக்கஞ்சி பூசினேன். ரேஷன் அரிசிதான், என் பங்கிலிருந்து. கஞ்சி காய்ந்தால் தாளுக்கு எலும்பு மாதிரி. நனைந்தால் கஞ்சி கஞ்சிதான். அந்தத் துண்டை ஈரச்சாக்கு மேல் போட்டு வைத்துப் பார்த்தேன். சாக்கில் மஞ்சள் கறை மட்டும் மிஞ்சியது.

அதற்குப் பிறகு மங்கம்மாளின் சீட்டைச் செய்தேன். பொன்னிறமாக, அப்பளம் மாதிரி விறைப்பாக, தட்டினால் சத்தம் கேட்கும்படி வந்தது. பார்வைக்கு அவ்வளவு அழகான தாளை நான் அதற்கு முன் செய்ததில்லை.

அவள் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "மேல மெழுகுத்துணி சுத்தட்டுங்களாய்யா?" என்று கேட்டாள்.

"வேணாம். புழுங்கிப் போயிரும். சட்டைக்குள்ள மேலோட வச்சிருக்கச் சொல்லு" என்றேன்.

வேர்வை உப்பும் வேலை செய்யும் என்று கணக்கு.

அவள் நிரையில் ஒரு மரத்தடியில், பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று அவனுக்கு அடையாளம். அடுத்த நாள் அந்த மங்கு நிமிர்ந்து இருந்ததாம். அவள் நடையே மாறிப்போயிற்று. தோம்பு நிறையப் பாலோடு ஓட்டமாக வந்தாள். பையன் வந்தால் போடுவதற்கு ஒரு சட்டை தைக்கக் கொடுத்திருந்தாள். என்ன நிறம் என்று என்னிடம் யோசனை கேட்டாள். நீலம் என்றேன்.

வடகிழக்கு மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் அவன் வந்தான். காலை நேரம், மழைக்குப் பால் வெட்டு நிறுத்தியிருந்தது. மாயாண்டி ஆட்களைத் திருப்பி அனுப்பிவிட்டு எல்லைக்காட்டுக் கொட்டகையில் ஒதுங்கியிருந்தான். பார்த்தவன் அவன்தான். ஸ்டோருக்கு ஓடி வந்து தரையில் உட்கார்ந்துகொண்டான். அன்றைக்கு அவனுக்கு வாய் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது.

"ஓடப் பக்கமிருந்து கையத் தூக்கிக்கிட்டுத்தான் வந்தான் கிராணியாரே. ரோந்துக்காரங்க நில்லுன்னாங்க. நின்னான். பாஸ் எங்க, சீட்டு எங்கன்னாங்க. சட்டைக்குள்ள கைய வுட்டான்."

"ம்."

"எடுத்தான். எடுத்துப் பாக்கறான், கையில என்னமோ கொழகொழன்னு. அவனுக்கே வெளங்கல லா. ஒதறுனான். எச்சிக்கைய ஒதறுவமே, அப்படி. திரும்பவும் உள்ள கைய வுட்டுத் தேடுறான். அவங்க குண்டுதான் எடுக்கறான்னு..."

மாயாண்டி தன் வலது கையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

உடலைப் பகாவுக்குக் கொண்டுபோய் ஸ்டேஷன் வாசலில் வைத்தது உங்களுக்குத் தெரியும். மங்கம்மாளை அடையாளம் காட்டக் கூப்பிட்டதும் தெரியும். அவள் நீலச் சட்டையைக் கொண்டுபோனாளாம், போட விடவில்லையாம். சர்க்காரே புதைத்துவிட்டது. இடத்தை மட்டும் காட்டினார்கள்.

மறுநாள் அவள் ஸ்டோருக்கு வந்தாள். வேலைக்கு இல்லை. கையில் ஒரு பித்தளைச் சொம்பு.

"பால் ஊத்தணுங்கய்யா. டின் பால் குடுக்க மாட்டேங்கறாங்க, கட்டுப்பாடாம். மாட்டுப் பாலும் இல்ல." சொம்பை நீட்டினாள். "மரத்துப் பாலு ஆகுங்களா?"

நான் சாத்திரம் படித்தவன் இல்லை. ஆகும் என்றேன். காலையில் வந்த பாலில் நல்லதாகப் பார்த்து, இருப்பதிலேயே சன்னமான வலையில் இரண்டு தரம் வடிகட்டி ஊற்றிக் கொடுத்தேன். அதில் நான் எதுவும் கலக்கவில்லை. இது சத்தியம்.

சொம்பை இடுப்பில் வைத்துக்கொண்டு போகப்போனவள் திரும்பி நின்றாள். என் முகத்தில் எதையோ பார்த்திருக்க வேண்டும். கிட்டே வந்து, சின்னப்பிள்ளையிடம் பேசுகிற மாதிரி, மெதுவாகப் பேசினாள்.

"நீங்க மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்கய்யா. நீங்க என்னா பண்ணுவீங்க. ஆசிட்டு சரியில்லன்னு தண்டலு சொன்னாரு. தெரியாமப் பண்ணதுதானே. உங்களுக்கும் வயசாவுது, வேல கை நழுவிப் போச்சு. விடுங்க."

அவ்வளவுதான். திட்டவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. என்னை மன்னித்துவிட்டுப் பால் ஊற்றப் போனாள்.

அன்றிலிருந்து ஒருவரும் என்னிடம் காகிதம் கொண்டுவரவில்லை. கொடுத்தவர்களும் ஐசியை எடுத்து முகர்ந்து பார்த்துக்கொள்கிறார்கள். மாயாண்டி என்னைக் கேலி செய்வதையே விட்டுவிட்டான். பால் அளக்கும்போது எல்லோரும் என்னிடம் இரக்கமாகப் பேசுகிறார்கள். மங்கம்மா இப்போதும் என் நிரைக்கணக்கில்தான் பால் ஊற்றுகிறாள். போகும்போது, "சாப்டீங்களாய்யா?" என்று கேட்கிறாள். தோட்டத்தில் அவள் மட்டும்தான் அப்படிக் கேட்கிறாள். நேற்று வாழையிலையில் மடித்து இரண்டு அவித்த மரவள்ளிக்கிழங்கு கொண்டுவந்தாள். சாப்பிட்டேன்.

இந்தத் தாள்களுக்கு மட்டும்தான் என்னைக் கூப்பிட்டீர்கள். அதற்குக் கப்பல், அதிகமாகப் போனால் கயிறு. சாஸரில் இருப்பதைப் பற்றி நீங்கள் என்னிடம் கேட்கவே இல்லை. கேட்க வேண்டிய அவசியம் உங்களுக்குத் தோன்றவில்லை. உள்ளே வந்ததும் அதைத் தள்ளி வைத்துவிட்டு, கான்ஸ்டபிளிடம், "எவனோ வேல தெரியாதவன் பண்ணது" என்றீர்கள். அதையே எழுதியும் வைத்திருக்கிறீர்கள், எனக்குத் தலைகீழாகத் தெரிகிறது. அந்த வார்த்தையைத்தான் சொன்னேன், கடைசியில் வருகிறேன் என்று.

அதை அடித்துவிடுங்கள்.

இரண்டும் ஒரே கை செய்தவை. ஒன்று நிற்க வேண்டும் என்று செய்தேன், நின்றது. இன்னொன்று கரைய வேண்டும் என்று செய்தேன். சரியான மழையில், சரியான இடத்தில், அவன் எடுத்துக் காட்டுகிற நேரம் வரை தாங்கி, எடுத்ததும் கரைந்தது. வீரமுத்துவைக் கொன்றவன் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள்.

கப்பலோ கயிறோ, உங்கள் இஷ்டம். ஒரே ஒரு உதவி. ஒன்பதாங்கட்டைக்கு ஓர் ஆளை அனுப்பி மங்கம்மாளிடம் சொல்லச் சொல்லுங்கள். பாவம், அவள் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். கிராணிக்கு வேலை கை நழுவவில்லை என்று சொல்லுங்கள்.